லிவிங்ஸ்டனிலிருந்து அண்ணனுக்கு

லிவிங்ஸ்டன், டெக்சஸ்
மார்ச் மாதம்

கர்த்தருக்குள் அன்பான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே நானும் மனைவியும் நல்ல சுகம். நாங்கள் வந்து சேர்வதற்கு முன்பே உங்கள் கடிதம் வந்து கிடந்தது. மதினியின் முழங்கால் வலியைப் பற்றிப் படித்ததும் இவள் ஒரு தாளை எடுத்து, என்னென்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று எழுதி, படமும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். மருமகன் துபாயிலிருந்து திரும்பி வந்துவிட்டது நல்ல செய்தி. பேரனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்றீர்கள், ஜெபத்தில் வைத்திருக்கிறோம்.

‘ஓய்வு பெற்றவன் ஓரிடத்தில் உட்காராமல் ஏன் வண்டியில் அலைகிறாய்?’ என்று கேட்டிருந்தீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் இப்போது சாவகாசமாக எழுதுகிறேன்.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்து முடித்ததிலிருந்து, பிஷப் மாற்றிய இடத்துக்கெல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய், பார்சனேஜிலேயே காலம் கழித்தவர்கள் நாம். நீங்கள் சேகரம் சேகரமாகப் போனீர்கள், நான் அயோவாவில் ஊர் ஊராகப் போனேன். மெதடிஸ்ட் சபையிலும் ஏற்பாடு அதேதான். என் காலத்தில் 72 வயதில் கட்டாய ஓய்வு. நான் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே விலகினேன். சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் அந்தச் சபைக் காரியங்களில் தலையிடக்கூடாது என்பது இங்கே கண்டிப்பான வழக்கம். புதிய பாஸ்டர் அழைத்தாலொழிய அங்கே ஒரு கல்யாணமோ அடக்கமோ நடத்தக்கூடாது. அது நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன். பழையவர் பக்கத்துத் தெருவிலேயே இருந்தால் புதியவருக்குச் சபை ஒட்டாது. ஆனால் அந்த ஊரிலேயே இருந்துகொண்டு, ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளையின் வீட்டுத் துக்கத்துக்கு ஒதுங்கி நிற்க என்னால் முடியாது. அதனால் கையிலிருந்த பணத்துக்கு ஒரு பழைய ஆர்.வி., அதாவது உள்ளேயே குடியிருக்கும்படி அமைத்த வண்டி, வாங்கினோம்.

24 அடி நீளம். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை, நடுவில் எதிரெதிரே உட்காரும் மேஜை, கேஸ் அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், பின்னால் கழிப்பறை. நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிப்பறைக் கழிவுக்கு ஒன்று. அவ்வப்போது டம்ப் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட வேண்டும். கழிப்பறைத் தொட்டியை முதலில் திறக்க வேண்டும், அப்புறம்தான் மற்றது. அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். இதை எனக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஒரு தபால்காரர். ரப்பர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, தன் மகன் சிறையில் இருப்பதையும், இந்தப் பக்கம் வண்டியை ஓட்டி வருவதே அவனைப் பார்க்கத்தான் என்பதையும் சொன்னார். நான் பாஸ்டர் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

அண்ணே, சபையில் ஒருவர் இப்படி ஒன்றை என்னிடம் சொல்ல வருஷக்கணக்காகும். என் அறைக்கு வந்து கதவைச் சாத்த வேண்டும், அல்லது படுக்கையில் விழுந்திருக்க வேண்டும். வழியில் சந்திக்கிறவர்களுக்குக் கையில் ஒரு வேலை இருந்தால் போதும், பேச்சு தானாக வருகிறது. நாளைக்கு இவர் ஒரு திசை, நாம் ஒரு திசை என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. இவர்களில் பாதிப்பேர் எந்தக் கோயில் வாசலையும் மிதித்துப் பல வருஷமாகியிருக்கும். இத்தனை காலம் பிரசங்க பீடத்திலிருந்து நான் பார்க்காத ஜனங்கள் இவர்கள். அதனால்தான் அலைகிறேன்.

போன அக்டோபரில் வட டகோட்டா, மின்னசோட்டா எல்லையில் ரெட் ரிவர் பள்ளத்தாக்குக்கு பீட் அறுவடைக்குப் போயிருந்தோம். கறிக்கு வாங்குகிற சிவப்பு பீட்ரூட் இல்லை, சர்க்கரை எடுக்கிற வெள்ளைக் கிழங்கு. அங்குள்ள ஆலைகள் விவசாயிகளின் கூட்டுறவுக்குச் சொந்தம். மாதம் பிறந்தவுடன் ராப்பகலாக அறுவடை நடக்கும், 12 மணி நேர ஷிஃப்ட். அந்தச் சில வாரங்களுக்கு ஆள் போதாமல், ஆர்.வி.யில் வரும் வயதானவர்களை வேலைக்கு எடுத்து, வண்டி நிறுத்த இடமும் கொடுக்கிறார்கள். லாரி வந்து கிழங்கைக் கொட்டும். பைலர் என்கிற இயந்திரம் மண்ணை உதறிவிட்டு, பெல்ட்டில் மேலே ஏற்றிக் குவிக்கும். உதிர்ந்த மண்ணை அதே லாரியில் போட்டு அனுப்பிவிடுவார்கள், வயல் மண் வயலுக்கே போய்விடும். வெயில் ஏறினால் வேலை நிற்கும், ஏனென்றால் சூடான கிழங்கைக் குவித்தால் உள்ளுக்குள் அழுகிவிடும். கடும் உறைபனி விழுந்தாலும் நிற்கும். அப்புறம் குளிர்காலம் முழுக்க அந்தக் குவியல் திறந்த வெளியில் உறைந்து கிடக்க, ஆலை அதிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். லாரிகளுக்குக் கை காட்டுவதும், சர்க்கரை அளவு பார்ப்பதற்காகப் பையில் மாதிரிக் கிழங்கு பிடிப்பதும் என் வேலை.

என்னோடு ராத்திரி ஷிஃப்டில் நின்ற அம்மாவுக்கு எழுபது வயது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். கணவரின் வைத்தியச் செலவில் வீடு போய்விட்டது. இங்கே ஓய்வு பெற்றவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் சோஷியல் செக்யூரிட்டி 2024-ல் சராசரியாக மாதம் 1,900 டாலர் அளவில் இருந்தது. இவருக்கு அதைவிட ரொம்பக் குறைவு. வாடகை கொடுத்தால் சாப்பாட்டுக்கு இருக்காது. அதனால் ஒரு வேனில் படுக்கை போட்டுக்கொண்டு, வெயில் காலத்தில் முகாம் காவல், அக்டோபரில் பீட், குளிருக்குப் பாலைவனம் என்று சுற்றிவருகிறார். அந்த வருஷத்துப் பீட் கூலியைப் பல் கட்டுவதற்காகச் சேர்த்துக்கொண்டிருந்தார். முன்பல் இரண்டு இல்லாததால் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே பேசுவார். விடியற்காலை மூன்று மணிக்கு இவள் பிளாஸ்க்கில் கொடுத்தனுப்பிய மிளகு ரசத்தை இருவரும் குடித்தோம். மறுநாளிலிருந்து அவரும் தன் பிளாஸ்க்கைக் கொடுத்துவிட்டார்.

அறுவடை முடிந்து தெற்கே இறங்கி, ஓக்லஹோமாவிலிருந்து ஐ-40 நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினோம். அந்தப் பாதையில் பஞ்சாபி லாரிக்காரர்களுக்காக டாபாக்கள் முளைத்திருக்கின்றன. ஓர் இடத்தில் சூடாக ரொட்டியும் பருப்பும் டீயும் கிடைத்தது. எனக்கு இந்தி வராது, எதிரே உட்கார்ந்த சர்தார்ஜிக்குத் தமிழ் வராது, ஆங்கிலத்தில்தான் பேசினோம். கலிஃபோர்னியாவுக்கும் ஓஹயோவுக்கும் நடுவே ஓட்டுகிறார், கைக்குழந்தையைப் போனில்தான் பார்க்கிறாராம். பில்லை என்னைக் கொடுக்கவிடவில்லை, அப்பா வயது என்று சொல்லிவிட்டார்.

குளிர்காலத்துக்கு அரிசோனாவில் குவார்ட்ஸைட் போய்ச் சேர்ந்தோம். கோடையில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கும் ஊர். குளிர் வந்தால் அதைச் சுற்றியுள்ள பாலைவனம் முழுக்க வண்டிகள்தான். ஊருக்குத் தெற்கே லா போசா என்ற அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் கட்டித் தங்கலாம். அவரவர் இடத்தில் தண்ணீர்க் குழாய் கிடையாது, மின்சாரம் கிடையாது, கூரை மேல் சூரியத் தகடுதான். இவள் தன் பி.பி. கருவியை எடுத்து முதல் ஆளுக்குப் பார்த்ததுதான் தாமதம், தினமும் காலையில் நாற்காலி போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். என்னைவிட அவளுக்குத்தான் அங்கே சபை பெரிது.

பேருந்து ஓட்டிய அம்மாவை அங்கே மறுபடியும் பார்த்தோம். எல்லை தாண்டி மெக்சிகோவில் லோஸ் அல்கோடோனஸ் என்று ஒரு சிற்றூர், தெருவெல்லாம் பல் டாக்டர்கள். யூமா பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே போகலாம், செலவு இங்கே ஆவதைவிட ரொம்பக் குறைவு. போய்க் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கையை எடுத்துவிட்டுப் பேசினார், அண்ணே. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வரிசையில் தனியாக இருப்பவர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்குள் ஜன்னல் திரையை விலக்கிவிட வேண்டும். விலக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர் போய்த் தட்டுவார். ஜனவரியில் ஒரு நாள், வெல்டராக இருந்த ஒரு மனிதரின் திரை விலகவில்லை. தூக்கத்திலேயே போயிருந்தார். சொந்தம் என்று தூரத்தில் ஓர் அண்ணன் மகள் மட்டும், அவளும் போனில்தான் வந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பந்தலடியில் மடக்கு நாற்காலிகளைப் போட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். வந்தவர்களில் விசுவாசிகளும் உண்டு, விட்டுப் போனவர்களும் உண்டு. 121-ம் சங்கீதத்தை வாசித்து, சின்னதாக ஜெபித்துவிட்டு உட்கார்ந்தேன். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து, அவர் தங்களுக்கு எதைப் பற்றவைத்துக் கொடுத்தார் என்று சொன்னார்கள். ஒருவருக்கு இழுவைக் கொக்கி, ஒருவருக்கு நாற்காலிக் கால். நடக்க முடியாத ஒரு பாட்டி, எல்லாரையும் தன் டிரெய்லருக்குக் கூட்டிப்போய், அவர் செய்துகொடுத்த தாழ்வான படியைக் காட்டினார். இறந்தவருடைய நாயைப் பேருந்து அம்மா எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஊர்க் கல்லறைக்கு நடந்து போனேன். அங்கே ஒரு கற்கூம்பு, உச்சியில் உலோக ஒட்டகம். அமெரிக்க ராணுவம் பாலைவனச் சுமைக்கு ஒட்டகங்களைப் பழக்கிப் பார்த்த காலத்தில், 1856-ல் ஒட்டகங்களோடு கப்பலேறி வந்த ஹாஜி அலியின் கல்லறை அது. பெயரை இவர்கள் ஹை ஜாலி என்று ஆக்கிவிட்டார்கள். ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்ட பிறகும் அவர் ஊர் திரும்பவில்லை. 1902-ல் இறந்தார், கூம்பு 1935-ல் கட்டியது. இந்த ஊரில் எல்லாரும் தேடிப்போய்ப் பார்க்கிற கல்லறை அந்த வெளிநாட்டுக்காரருடையதுதான். கடல் தாண்டி வந்து இங்கேயே வயதாகிப்போனவன் நானும். வெகுநேரம் அங்கே நின்றிருந்தேன்.

இப்போது இருக்கும் லிவிங்ஸ்டனைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1978-ல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கத்தின் தலைமையிடம் இது. எங்களைப் போல் வீடில்லாதவர்களுக்கு இதுவே நிரந்தர விலாசம். ஓட்டுநர் உரிமம், ஓட்டு, தபால் எல்லாம் இந்த விலாசத்தில்தான். வளாகத்துக்குள்ளேயே கேர் என்று ஒரு நிலையம் நடத்துகிறார்கள். இனி வண்டி ஓட்ட முடியாது என்றானவர்கள், அல்லது ஆபரேஷன் முடிந்து தேறுகிறவர்கள், தங்கள் வண்டியிலேயே வந்து தங்கலாம். மாதக் கட்டணம் உண்டு. மூன்று வேளை சாப்பாடு, துணி துவைப்பு, டாக்டரிடம் கூட்டிப்போக ஆள். சொந்தப் படுக்கையில், சொந்தச் சாமான்களுக்கு நடுவே இருக்கிறார்கள். மத்தியானம் எல்லாரும் கூடத்தில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். வேலைகளில் பலவற்றை இங்கே வந்து தங்கிப்போகும் மற்ற ஆர்.வி.க்காரர்களே சம்பளமில்லாமல் செய்கிறார்கள். நான் சில நாளாகச் சாப்பாட்டுத் தட்டு எடுத்துக் கொடுக்கிறேன். பக்கவாதம் வந்த ஒருவர், கண்டம் முழுக்க ஓட்டியவர், ஒவ்வொரு நாளும் என்னிடம் ஒரு சாலையைப் பற்றிச் சொல்கிறார். வார்த்தை குழறும், அவர் மனைவி எடுத்துக் கொடுப்பார். நேற்று மொன்டானாவில் ஒரு கணவாய்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஊர் ஞாபகம் வருகிறது. நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கமெல்லாம் பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய வீட்டில் அப்பாவோ அம்மாவோ தனியாக. காலையில் எழுந்தால் போக இடமில்லை என்று எழுதியிருந்தீர்களே, அண்ணே, உங்கள் தெருவிலேயே எத்தனை வீடு இருக்கிறது? அங்கியும் வேண்டாம், சேகரக் கமிட்டியின் அனுமதியும் வேண்டாம். ஒரு வீட்டில் போய் ஒரு காபி குடியுங்கள். உங்களுக்கு ஜனங்களிடம் உட்காரத் தெரியும், படிக்கும்போதே எனக்குத் தெரியும். யார் வீட்டுக்கெல்லாம் போனீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுத வேண்டும், கேட்க ஆசையாக இருக்கிறது.

ஏப்ரலில் நோமேட்ஸோடு ஒரு வேலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். மெதடிஸ்ட் சபையில் ஆர்.வி. வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஊழியம். குழந்தைகள் காப்பகம், முகாம், வெள்ளத்தில் அடிபட்ட வீடு என்று போய் வண்டியை நிறுத்திவிட்டு, பெயின்ட் அடிப்பது, பலகை மாற்றுவது எல்லாம் செய்வார்கள். இவளுக்குத் தையல் வேலை, எனக்குச் சுவர்.

பதிலை இதே விலாசத்துக்கு எழுதுங்கள், எங்கே இருந்தாலும் அனுப்பிவைப்பார்கள். மதினிக்குப் பயிற்சியை மெதுவாகத் தொடங்கச் சொல்லுங்கள், வலி கூடினால் நிறுத்திவிட வேண்டும் என்று இவள் இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். பேரனின் ரிசல்ட் வந்ததும் போன் பண்ணுங்கள்.

உங்கள் அன்புத் தம்பி