மே மாதம் வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய துபாய் திட்டத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம். மாப்பிள்ளை செலவுக் கணக்கைப் பிரித்து எழுதியிருந்த விதமும் எனக்குப் பிடித்தது. ஆனால் இரண்டு விஷயம் எனக்கு ஒத்துவரவில்லை. ஒன்று, மே மாதம் போவது. இன்னொன்று, ஒரு நாளைக்கு நாலு இடம் பார்ப்பது. போனில் சொன்னால் பாதியில் பேரன் பிடுங்கிக்கொள்வான், அதனால் எழுதுகிறேன்.

அங்கே மே பிறந்தாலே நாற்பது டிகிரி சாதாரணம். கடலோர ஊர் என்பதால் பொழுது சாய்ந்த பிறகும் புழுக்கம் விடாது. நாங்கள் ஏசி வேலை பார்த்த கட்டடங்களில் மொட்டை மாடியில் வைத்த ஸ்பேனரைக் கையுறை இல்லாமல் எடுக்க முடியாது. தண்ணீர்த் தொட்டியும் மாடியில்தான். அதனால் வெயில் காலம் முழுக்க ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்துதான் குளிப்போம். ஹீட்டர் ஏசி போட்ட வீட்டுக்குள் இருப்பதால் அதில் நிற்கிற தண்ணீர் மட்டும் ஆறியிருக்கும். பச்சைத் தண்ணீர்க் குழாயில் கை வைத்தால் சுடும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் ஆட்களை வேலை வாங்கக்கூடாது என்று அரசாங்கமே தடை போட்டிருக்கிற ஊர் அது. மேயில் ஹோட்டல் மலிவாகக் கிடைக்கிறதென்றால் காரணம் இதுதான். நீ பட்டியலில் போட்டிருக்கும் குளோபல் வில்லேஜ் என்ற பொருட்காட்சியும் மிராக்கிள் கார்டன் என்ற பூந்தோட்டமும் வெயில் காலத்தில் மூடிவிடுபவை. மே கடைசியில் போனால் குளோபல் வில்லேஜ் மூடியிருக்கும்.

அரைப் பரீட்சை லீவும் வேண்டாம். புத்தாண்டு வாணவேடிக்கைக்காக உலகமே அங்கே கூடும் வாரம் அது, ரூம் வாடகை எங்கேயோ போய்விடும். பிப்ரவரியில் இப்போது நோன்பு வந்து நிற்கிறது. அது வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். நோன்பு நாளில் போவது தப்பில்லை, ராத்திரி ஊர் அழகாகத்தான் இருக்கும். ஆனால் பகலில் சில சாப்பாட்டுக் கடைகள் திறக்காது, சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு சிரமம். ஆகவே பொங்கலை வீட்டில் வைத்துவிட்டு, ஜனவரி கடைசி வாரம் கிளம்புவோம். பகலில் இருபத்தைந்து டிகிரிதான் இருக்கும், சாயங்காலம் ஒரு ஸ்வெட்டர் கேட்கும். யூகேஜி படிக்கிற பிள்ளைக்கு ஒரு வாரம் லீவு போட்டால் படிப்பு ஒன்றும் கெட்டுவிடாது.

அடுத்தது இடங்கள். அம்மாவின் முழங்காலையும் பேரனின் மதியத் தூக்கத்தையும் வைத்துத் திட்டம் போடு. காலையில் ஒரு இடம், மதியம் ரூமில் ஓய்வு, சாயங்காலம் ஒரு இடம். அதற்கு மேல் வேண்டாம். துபாய் மால் ஸ்டேஷனில் இறங்கினால் மாலுக்குள் போய்ச் சேர முக்கால் கிலோமீட்டருக்கு மேல் பாலத்திலேயே நடக்க வேண்டும். நகரும் நடைபாதை உண்டு என்றாலும் அம்மாவுக்கு அது அதிகம். அன்றைக்கு டாக்சி பிடித்துக்கொள்ளலாம். மெட்ரோவைப் பேரனுக்காக வேறொரு நாள் வைத்துக்கொள். டிரைவர் இல்லாத ரயில், 2009லிருந்து ஓடுகிறது. ஒரு முனையில் இருக்கும் கோல்டு பெட்டிக்குக் கட்டணம் இரட்டிப்பு. ஒரே ஒரு தடவை அதில் ஏறி அவனை முன் கண்ணாடிப் பக்கம் நிறுத்து, அப்புறம் அந்தப் பயணத்தையே வருஷக்கணக்கில் பேசுவான். பெட்டிக்குள் பிஸ்கட் கொடுத்துவிடாதே, 100 திர்ஹம் அபராதம்.

புர்ஜ் கலீஃபாவுக்கு 124ஆம் மாடி டிக்கெட் போதும், 148க்குப் போக அவசியமில்லை. சூரியன் மறையும் நேரத்துக்கு விலை கூடுதல், அதனால் காலை நேரத்துக்கு இப்போதே பதிவு செய்துவிடு. அது எழும்பிக்கொண்டிருந்தபோது நான் அங்கே இருந்தேன். அப்போது அதன் பெயர் புர்ஜ் துபாய். 2010 ஜனவரியில் திறந்த அன்றுதான் பெயரை மாற்றினார்கள். நாங்கள் வேலைக்குப் போகும் வேன் ஜன்னலில் ஒவ்வொரு மாதமும் அது உயர்ந்துகொண்டே போனது தெரியும். 828 மீட்டர். உள்ளே ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு, அதனால் அதை நீ வெட்ட வேண்டாம்.

நீ விட்டுவிட்டது பழைய துபாயை. ஒரு முழு சாயங்காலம் அதற்கு வேண்டும், அதை என் பொறுப்பில் விட்டுவிடு. பர் துபாயில் அல் ஃபஹீதி என்ற பகுதி. பாரசீகக் கரையிலிருந்து வந்த வியாபாரிகள் பவளக் கல்லும் சுண்ணமும் வைத்துக் கட்டிய வீடுகள். பல வீடுகளின் மேல் சதுரமாக ஒரு காற்றுக் கோபுரம். நாலு பக்கமும் திறந்திருக்கும், நடுவில் பெருக்கல் குறி போலத் தடுப்புச் சுவர். எந்தத் திசையில் காற்று அடித்தாலும் தடுப்பில் மோதி நேரே கீழே அறைக்குள் இறங்கும், சூடான காற்று மறுபக்கம் ஏறி வெளியேறும். ஆயுசெல்லாம் கம்ப்ரெசரோடு கிடந்தவன் நான். கரண்டே இல்லாமல் இதைச் செய்தவர்களை நினைத்தால் கை எடுத்துக் கும்பிடத் தோன்றும்.

அங்கிருந்து க்ரீக் கரைக்கு வந்து அப்ரா ஏறுவோம். க்ரீக் ஆறு இல்லை, நிலத்துக்குள் புகுந்த கடல். அப்ரா மரப்படகு. நடுவில் முதுகோடு முதுகு ஒட்டின பெஞ்சு, சுற்றிலும் தடுப்புக் கிடையாது, பேரனை மடியில் வைத்துக்கொள். ஓட்டுபவர் நடுவில் ஒரு குழிக்குள் இருந்து சுக்கான் பிடிப்பார். அக்கரை தேராவுக்கு ஆளுக்கு ஒரு திர்ஹம்தான். குளிர்காலத்தில் கடற்காகங்கள் தலைக்கு மேலேயே வரும். இந்தத் துறையில்தான் ஊரே பிழைத்தது. பெட்ரோல் கிடைத்தது 1966ல். அதற்கு முன் முத்துக் குளிப்பும் படகு வியாபாரமும்தான். அப்போது அங்கே புழங்கியது நம் ரூபாய், 1959லிருந்து வளைகுடாவுக்கென்றே நம் ரிசர்வ் வங்கி தனி நோட்டு அடித்துக் கொடுத்தது. தேராவில் மசாலாக் கடைத்தெருவில் அம்மா ஈரான் குங்குமப்பூ வாங்கட்டும். தங்கக் கடைத்தெருவைப் பார்த்துவிட்டு மட்டும் வருவோம். ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான் நகைக்கு வரிச் சலுகை. சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்குக் கிடையாது.

தேராவில் வெள்ளிக்கிழமை தோறும் போன் கார்டு வாங்கி உங்களோடு பேசிய இடத்தை அம்மாவுக்குக் காட்ட வேண்டும். நீ பாடம் ஒப்பிப்பாய், கார்டு தீரும் வரை கேட்டுக்கொண்டிருப்பேன். குடும்ப விசாவுக்கு அவர்கள் கேட்ட சம்பளம் எங்களைப் போன்றவர்களுக்கு இல்லை. உன் சம்பாத்தியத்தில் அம்மா அந்தத் தெருவில் நடக்கப் போகிறாள் என்பது எனக்கு எவ்வளவு பெரிது என்று உனக்குத் தெரியும்.

பாலைவனத்துக்கு மணல்மேட்டில் ஜீப்பைத் தாவவிடும் சஃபாரி வேண்டாம், அம்மாவின் இடுப்புக்கு ஆகாது. பாலைவனப் பாதுகாப்புப் பகுதிக்கு நிதானமாக அழைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள், காசு கொஞ்சம் கூட. நீளக் கொம்பு வைத்த வெள்ளை ஓரிக்ஸ் மான்களைப் பார்க்கலாம். அங்கே மணலில் பச்சையாக நிற்கும் காஃப் மரம் அந்த நாட்டின் தேசிய மரம். அது வேறொன்றுமில்லை, விருத்தாசலத்தில் தல விருட்சமாக நிற்கும் நம் வன்னிதான். அம்மா கட்டாயம் சுற்றி வருவாள்.

சாமான் கட்டும்போது கவனம். கசகசா அந்த நாட்டில் தடை. குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் எடுத்து வராதே. வெற்றிலையும் கொண்டுபோகக் கூடாது, அம்மாவிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். இருமல் மருந்தோ வலி மாத்திரையோ, கோடீனும் டிரமடாலும் உள்ளவை தொல்லை தரும். என் பிரஷர் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து வரும் எங்களுக்குத் திருச்சியிலிருந்தே நேர் விமானம் உண்டு, நீங்களும் அங்கே வந்துவிட்டால் ஒன்றாகப் போகலாம்.

பேரனின் பாஸ்போர்ட்டைப் பார், பயணத் தேதிக்கு அப்புறம் ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும். அம்மாவுக்கு இனிமேல்தான் எடுக்க வேண்டும். தஞ்சாவூர் சேவா கேந்திராவில் தேதி கேட்டிருக்கிறேன். போலீஸ் விசாரணையும் முடிந்து புத்தகம் கைக்கு வரும்வரை டிக்கெட் போடாதே. மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா