திரைக்கதை எழுதும் தம்பிக்கு: அந்த ஒற்றைப் பை போதாது

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் இரண்டு அப்பாவிகள் போதைப்பொருள் கும்பலின் பணத்தைத் திருடும் உன் திரைக்கதையைப் படித்தேன். துரத்தல்களைக் குறை. சிரிப்பு அந்தப் பணத்திலேயே இருக்கிறது. நீ அதைத் தூக்கிப் பார்க்காமல் எழுதிவிட்டாய்.

பத்து லட்சம் டாலரைத் தோள்பையில் போட்டுக்கொண்டு ஒருவன் வேலி தாண்டுகிறான். டாலர் நோட்டு எந்த மதிப்பானாலும் எடை 1 கிராம்தான். எல்லாம் நூறு டாலர் தாள் என்றால் 10 கிலோ, தாண்டலாம். ஆனால் தெருவில் பொட்டலம் பொட்டலமாக விற்றுச் சேர்த்த பணத்தில் இருபது டாலர் தாள்தான் நிறைய இருக்கும். முழுக்க அதுவே என்றால் 50,000 தாள், 50 கிலோ. புதுத் தாளாக நெருக்கி அடுக்கினாலே 57 லிட்டர் இடம் பிடிக்கும். கசங்கிய தாள் இன்னும் உப்பும். விநாடிக்கு ஒன்றாக எண்ணினாலும் ஏறக்குறைய 14 மணி நேரம். நடுவில் ஒருவனுக்குக் கணக்கு தவறினால், கூட்டாளி மேல் முதல் சந்தேகம் அங்கேயே முளைக்கும். அந்த இரவுக்கு ஐந்து பக்கமாவது கொடு.

வங்கிக் காட்சியில் ஒரு பிழை. ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி அரசுக்குத் தெரிவிக்கும் என்பதால் உன் ஆள் தினமும் 9,500 கட்டுகிறான். அதைச் சாமர்த்தியமாகக் காட்டியிருக்கிறாய். அறிக்கைக்குத் தப்ப அப்படிப் பிரித்துக் கட்டுவதே தனிக் குற்றம். உழைத்துச் சம்பாதித்த பணமானாலும் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அதிலும் சிற்றூரில், கவுண்ட்டரில் இருப்பவள் அவனோடு பள்ளியில் படித்தவளாக இருப்பாள். அவன் சம்பளம் அவளுக்குத் தெரியும். ரொக்கம் கொடுத்து டிரக் வாங்கப் போனாலும் இதே கதைதான்: 10,000க்கு மேல் வாங்கும் வியாபாரி 15 நாளுக்குள் 8300 என்ற படிவத்தை நிரப்பி அனுப்பியாக வேண்டும்.

புதைத்த பணம் மழையில் கரைந்ததாக முடித்திருக்கிறாய். கரையாது. டாலர் தாளில் 75 சதவீதம் பருத்தி, 25 சதவீதம் லினன். ஈரத்தில் கட்டோடு ஒட்டிப் பூஞ்சை பிடித்து இறுகிவிடும். பாதிக்கு மேல் தெளிவாக மிஞ்சிய நோட்டுக்கு, அவற்றை அச்சடிக்கும் அரசு அலுவலகமே முழு மதிப்பைத் தரும். ஆனால் பணம் எப்படிச் சேதமானது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்த விளக்கத்தை எழுதட்டும், அடித்து அடித்துத் திருத்தட்டும். உன் கிளைமாக்ஸ் அதுதான். பண்ணைவீட்டுத் துப்பாக்கிச் சண்டையைத் தயங்காமல் வெட்டிவிடு.

அன்புடன்,
அண்ணன்