மகளுக்கு: நிலம் ஆடினால் ஓடாதே

அன்புள்ள மகளுக்கு,

வவுனியாவில் நிலம் ஆடிய செய்தியை நீ அங்கே பார்த்திருப்பாய். லண்டனிலிருந்து சித்தி அன்றிரவே தொலைபேசி எடுத்தார். பாரிசிலிருந்து பெரியண்ணன் விடியுமுன் எடுத்தான். உனக்கு வேலை மிகுதியாக இருந்திருக்கும் என்று அம்மாவுக்கு நானே சமாதானம் சொன்னேன். எங்களுக்கு ஒன்றுமில்லை, சுவரில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன்.

யூன் 18ஆம் திகதி இரவு பதினொரு மணிக்குச் சற்று முன்னர், நிலத்துக்கு அடியிலிருந்து ஓர் உறுமல் எழும்பி, கட்டிலும் யன்னல்களும் ஒருமுறை அதிர்ந்து அடங்கின. அயலில் சிலர் கல்லுடைக்கும் வெடி என்றார்கள்; அந்த நேரத்தில் யார் கல்லுடைப்பார்கள்? அது 2.3 அளவான நிலநடுக்கம் என்று புவிச்சரிதவியல் பணியகம் பின்னர் அறிவித்தது. கெப்பித்திகொல்லாவ, பதவியாப் பக்கங்களிலும் உணர்ந்திருக்கிறார்கள். விடிந்ததும் ஊரவர்கள் குளக்கட்டைப் போய்ப் பார்த்தார்கள், கட்டுக்குச் சேதமில்லை.

நான் எழுத வந்தது வேறு. அதிர்வு அடங்கிய பிறகுதான், விளக்கை அணைத்துவிட்டு அம்மாவை இழுத்துக்கொண்டு வந்து மாமரத்தடியில் நிற்கிறேன் என்பதை உணர்ந்தேன். போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து நாங்கள் ஒளிந்த பங்கர் அங்கே இப்போது இல்லை. அதை மூடி வாழை வைத்தது உனக்குத் தெரியும். நிலம் அதிர்ந்தால் வெளியே ஓடு, பங்கருக்குள் இறங்கு, குப்புறப் படு என்று உனக்கு நடை பழகிய காலத்திலேயே சொல்லித் தந்தவர்கள் நாங்கள். தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னரே நீ ஓடிய நாட்களும் உண்டு. அந்த ஓட்டம் உன் கால்களிலும் இன்னும் இருக்கும் என்ற எண்ணம்தான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. நீ இருப்பது கனடாவின் மேற்குக் கரையில், வன்கூவரில், உயரமான தொடர்மாடியில்.

எங்கள் தீவு புவித்தட்டின் விளிம்பில் அல்ல, நடுப்பகுதியில் இருக்கிறது. எங்கள் காலடியில் இருப்பது கேம்பிரியன் காலத்துக்கு முற்பட்ட, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலான பழம்பாறை. அந்தப் பாறைத் தொகுதிக்கே புவிச்சரிதவியலாளர்கள் வன்னியின் பெயரை வைத்திருக்கிறார்கள். அதனால் இங்கே எப்போதாவது ஒரு சிறு அதிர்வு வந்து போகும். உன் கரை அப்படியானதல்ல. அங்கே யுவான் டி ஃபூகா என்னும் தட்டு வட அமெரிக்கத் தட்டின் கீழே அமிழ்ந்துகொண்டிருக்கிறது. 1700ஆம் ஆண்டு தை 26ஆம் திகதி அந்த இரண்டு தட்டுகளுக்கும் இடையிலான பிளவு அசைந்தபோது ஏறத்தாழ 9 அளவான நடுக்கம் ஏற்பட்டது. அதன் சுனாமி யப்பான் கரையை அடைந்ததை அந்நாட்டவர் எழுதி வைத்திருந்தபடியால்தான் அந்த நாளே உறுதியாயிற்று. அளவில் ஒரு புள்ளி கூடினால் வெளியாகும் சக்தி ஏறத்தாழ 32 மடங்காகும். அந்தக் கணக்கின்படி, எங்களைக் கட்டிலிலிருந்து எழுப்பிய 2.3ஐவிட 9 என்பது ஏறத்தாழ ஆயிரம் கோடி மடங்கு. 2004 மார்கழியில் சுமாத்திராவில் ஏற்பட்டது 9.1. அது முல்லைத்தீவை என்ன செய்தது என்பதை உனக்கு நான் எழுதத் தேவையில்லை. பெரிய மாமி வீடு இருந்த இடத்தை நீ பார்த்தாய்.

ஆகையால், மகளே, நிலம் ஆடினால் ஓடாதே. இருந்த இடத்திலேயே முழங்காலில் இறங்கி, உறுதியான மேசைக்குக் கீழே புகுந்து, தலையையும் கழுத்தையும் மூடிக்கொண்டு, மேசைக் காலை விடாமல் பிடித்துக்கொள். படுக்கையில் இருந்தால் தலையணையால் தலையை மூடிக்கொண்டு அங்கேயே கிட. லிஃப்டில் ஏறாதே. புத்தக அலுமாரியைச் சுவரோடு இறுக்கிப் பூட்டு; முன்பு அனுப்பிய படத்தில் அது கட்டிலுக்கு மேலே சாய்ந்து விழக்கூடிய இடத்தில் நின்றது. கண்ணாடி உடைந்து கிடக்கும் என்பதால் சப்பாத்தையும் ரோச்சையும் கட்டிலடியில் வைத்துக்கொள். இவற்றையெல்லாம் உன் அலுவலகத்தில் பழக்கியிருப்பார்கள், நீயும் படித்தவள். ஆனாலும் பழகிய கால் புத்தியைக் கேட்காது என்பதை அன்றிரவு நான் கண்டேன். ஓடாதே.

உன் பதவி உயர்வை இங்கே யாரும் கேட்காமலே நான் சொல்லித் திரிகிறேன். முகாமிலிருந்து பரீட்சை எழுதிய பிள்ளை என்று உன் பழைய அதிபரும் சந்திக்கும்போதெல்லாம் சொல்கிறார். அப்படிப்பட்ட பிள்ளை, தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு தடவையாவது அம்மாவோடு ஆறுதலாகக் கதைத்திருக்கலாம். "சுகம்" என்று வட்ஸ்அப்பில் ஒரு சொல் வந்தால் அம்மா அதை நாள் முழுவதும் எடுத்துப் பார்க்கிறாள்.

பங்கருக்குள் நாங்கள் ஒருபோதும் தனியாக இருந்ததில்லை. யார் உள்ளே வந்துவிட்டார்கள், யார் இன்னும் வரவில்லை என்று இருட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்போம். அங்கே நிலம் ஆடினால் உன் பெயரைக் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்பதே என் கேள்வி. மருமகனின் சுகத்தை நீ எழுதாததால் நானும் கேட்கவில்லை. அம்மா அனுப்பிய புழுக்கொடியலும் மிளகாய்த்தூளும் அந்த முகவரியில் ஆளில்லை என்று திரும்பி வந்துவிட்டன. அதைப் பற்றியும் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது இருக்கும் வீட்டின் முகவரியை எழுது. எத்தனையாவது மாடி, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் எழுது. ஏதாவது நடந்து உன் தொலைபேசி வேலை செய்யாவிட்டால் நாங்கள் அழைக்கக்கூடிய ஒருவருடைய இலக்கத்தையும் அனுப்பு. அந்த ஒருவர் யாராக இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம். அப்படி ஒருவரும் இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுது. அம்மா வந்து உன்னோடு சில மாதங்கள் இருப்பாள், கடவுச்சீட்டுக்கான படம் எடுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
அப்பா