குறுக்குவழி தேடுவது நாங்கள் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணம் வாங்கிக்கொண்டு, சரிபார்க்காமலே ஆய்வுக் கட்டுரைகளை வெளியிடும் போலி ஆய்விதழ்கள் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையைப் படித்தேன். கல்லூரி ஆசிரியர்கள் குறுக்குவழி தேடுவதால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தாவரவியல் கற்பிக்கும் எனக்கு அந்த வரி பொறுக்கவில்லை.

ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு, ஆய்விதழில் வரும் அறிவியல் கட்டுரை ஒன்றுக்கு 8 மதிப்பெண் என்று 2018 விதிமுறையில் எழுதியது பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி). தரமான இதழ்கள் என்று அவர்களே வெளியிட்ட ‘கேர்’ பட்டியலில் உள்ள இதழ்தான் வேண்டும் என்றதும் அவர்கள்தான். 2025 பிப்ரவரியில் பட்டியலைக் கைவிட்டதும் அவர்கள்தான். முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயமில்லை என்று 2022-இல் விதியை மாற்றினார்கள். எங்கள் பல்கலைக்கழகம் இன்னும் கேட்கிறது.

என் ஆய்வு மாணவி ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தாள். சிறப்பிதழில் போடுகிறோம் என்று அவள் உதவித்தொகையிலிருந்து பணம் வாங்கினார்கள். பணம் போனது ஒருங்கிணைப்பாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு. ரசீது கேட்டால், ஸ்கிரீன்ஷாட் போதும் என்றார்கள். கட்டுரையை யாரும் படித்த அடையாளமே இல்லை. தாவரங்களின் அறிவியல் பெயர்களை வழக்கப்படி சாய்வெழுத்தில்கூடப் போடவில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதலில் கைவைத்தது அந்தப் பக்கத்தில்தான். அவள் கண் கலங்கி நின்றதை நான் பார்த்தேன்.

சரி, நல்ல இதழுக்கு அனுப்பலாமே என்பீர்கள். அனுப்பினோம். மேற்கோள்களையெல்லாம் அவர்கள் பாணிக்கு மாற்றி, படங்களைத் தனித்தனியாக ஏற்றினோம். மாதக்கணக்கில் ‘இதழாசிரியரிடம் உள்ளது’ என்றே அவர்கள் இணையதளம் காட்டியது. அப்புறம், எங்கள் இதழின் வரம்புக்குள் வராது என்று இரண்டு வரி மின்னஞ்சல். இதை முதல் வாரமே சொல்லியிருந்தால் வேறு இடத்துக்கு அனுப்பியிருப்போம்.

பெரிய பதிப்பகங்களை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. வைலி நிறுவனம் 2021-இல் வாங்கிய ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்கள், 2023-இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. வெளியிலிருந்து அழைத்த விருந்தினர் ஆசிரியர்களை நம்பி விட்ட சிறப்பிதழ்களில் வந்தவைதான் பெரும்பாலும். உங்களுக்குத் தெரியாத செய்தி அல்ல. அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லாமல், திட்டு முழுவதும் எங்களுக்கு என்பதுதான் வருத்தம்.

ஒரு வேண்டுகோள். ‘பன்னாட்டுக் கருத்தரங்கம்’ என்று கல்லூரிகள் தரும் செய்தியை வெளியிடும்போது, கட்டுரைகள் எந்த ஆய்விதழில் வரும், கட்டணம் எவ்வளவு, எந்தக் கணக்கில் செலுத்த வேண்டும் என்று கேட்டு அதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உதவிப் பேராசிரியை, தஞ்சாவூர்
(பெயர் வெளியிட வேண்டாம்)