சக்கை என்றால் பலாப்பழம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வட்டார வழக்குகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நெல்லைக்கும் கொங்குக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்தவர், எங்கள் குமரி மாவட்டத்தை ‘மலையாளம் கலந்த தமிழ்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை.

சென்னையில் படிக்கும் என் பேரன் பள்ளியில் ‘தாத்தா வீடு’ என்று கட்டுரை எழுதினான். ‘முற்றத்தில் சக்கை மரம் நிற்கிறது. தாத்தா மரச்சீனி அவித்துத் தந்தார்.’ இரண்டு சொல்லையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘தமிழில் எழுதவும்’ என்று குறித்திருந்தார்கள். விடுமுறைக்கு வந்த பையன் நோட்டை நீட்டி, “தாத்தா, நாம மலையாளியா?” என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பலாவுக்குச் சக்கை, மரவள்ளிக்கு மரச்சீனி, மிளகுக்கு நல்லமிளகு, முந்திரித் தொழிற்சாலைக்கு அண்டி ஆபீஸ். எங்கள் மார்த்தாண்டம் சந்தையில் காதில் விழுவது இதுதான். திருவனந்தபுரத்திலும் இவற்றில் பலவற்றைச் சொல்வார்கள், சரி. அந்த ஊர் எங்களுக்கு 40 கிலோமீட்டருக்குள். சென்னையோ 700-க்கு மேல். 1956 வரை நாங்கள் திருவிதாங்கூர் பக்கம். என் அப்பா பள்ளியில் படித்தது மலையாளம், எங்கள் நிலத்தின் பழைய பத்திரம் இருப்பதும் மலையாளத்தில். ஆனால் வீட்டில் சண்டை போட்டதும், “மக்ளே, கஞ்சி குடிச்சியா” என்று அம்மா கூப்பிட்டதும் தமிழில்தான்.

தமிழ்ப் பகுதி தமிழ் மாநிலத்தோடு சேர வேண்டும் என்று போராடியவர்கள் மீது 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அதற்கும் இரண்டு வருஷம் கழித்து, 1956 நவம்பர் 1 அன்றுதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் இந்தப் பக்கம் வந்தன. இன்று கேரளத்தில் இருக்கும் தேவிகுளமும் பீர்மேடும் கேட்டும் கிடைக்கவில்லை. செத்தவர்களும் சக்கை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

திசைச்சொல், அதாவது அந்தந்தப் பகுதியில் வழங்கும் சொல், என்று தொல்காப்பியத்திலேயே ஒரு வகை இருக்கிறது. தமிழாசிரியர்களுக்கு இது தெரியாததல்ல. பிள்ளைகள் ஊர்ச்சொல்லை எழுதினால் அந்தச் சொல்லைத் தவறென்று அடித்துவிடாமல், பக்கத்தில் பொதுச்சொல்லையும் எழுதச் சொல்லலாம். பேரனிடம் அப்படித்தான் செய்யச் சொன்னேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு ஊர் வாசகரிடமும் அவர்கள் வீட்டில் புழங்கும் பத்துச் சொற்களை, ஊர்ப் பெயரோடு கேட்டு வாங்கி வெளியிடுங்கள். எங்கள் ஊரிலிருந்து நாலு சொல் மேலே வந்துவிட்டது. மீதி ஆறை அடுத்த தபாலில் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்