பழனியில் இறக்கும் முடியில் ஒரு பங்கு

இந்து சமய அறநிலையத் துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு அரசு மருத்துவமனை ஒன்றில் சிகிச்சை எடுத்து முடித்தவள் நான். இரண்டு துறைக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஒரு துறையின் கீழ் உள்ள கோயில்களில் தினமும் கூடை கூடையாக முடி சேருகிறது. இன்னொரு துறையின் மருத்துவமனைகளில் முடி கொட்டிப்போன பெண்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பழனி, சமயபுரம், திருத்தணி, திருச்செந்தூர் போன்ற கோயில்களில் பெண்கள் காணிக்கையாகக் கொடுக்கும் நீளமான கூந்தலில் ஒரு பங்கை ஒதுக்கி, அரசு மருத்துவமனைகளில் கீமோ என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு இலவசமாக விக் செய்து கொடுங்கள். என் கோரிக்கை இதுதான்.

"உயிர் பெருசா, முடி பெருசா?" என்று எங்களிடம் கேட்காத ஆள் இல்லை. டாக்டர் கேட்பார், மாமியார் கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா கேட்பார். உயிர்தான் பெரிது என்று முடிவு செய்ததால்தானே அந்த மருந்தைக் கையில் ஏற்றிக்கொள்கிறோம்? அதற்கு அப்புறமும் மனிதர்கள் நடுவில் நடமாட வேண்டியிருக்கிறது. நம் ஊரில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் பஸ்ஸில் ஏறினால் முதல் கேள்வி, "எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?" என்பதுதான். எங்களில் பெரும்பாலானோர் பழனி என்றோ சமயபுரம் என்றோ சொல்லிவிடுவோம். நோயின் பெயரைச் சொன்னால் பக்கத்து சீட்டில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறோம். இது ஒட்டுகிற வியாதி இல்லை என்று ஒவ்வொரு பயணத்திலும் விளக்கிக்கொண்டிருக்க உடம்பில் தெம்பு இருக்காது.

வார்டில் என்னோடு இருந்த ஒரு அக்கா, மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் சிகிச்சைக்கு வந்தவர். அம்மாவுக்குக் கேன்சர் என்றால் மாப்பிள்ளை வீட்டார் யோசிப்பார்களே என்று அவருக்குப் பயம். வலியைக்கூடப் பல்லைக் கடித்து மறைத்துவிட்டார். தலையை எப்படி மறைப்பது? பெண் பார்க்க வந்த அன்று சொந்த வீட்டிலேயே பின்கட்டில் உட்கார்ந்திருந்தாராம். கிராமத்துப் பெரியவர்களுக்கு இன்னமும் மொட்டைத் தலைப் பெண் என்றால் தாலி அறுத்தவள் என்ற நினைப்புதான் வருகிறது. புருஷன் பக்கத்தில் நிற்கும்போதே அப்படிப் பார்ப்பார்கள். பூ வைக்க முடி இல்லாததை நினைத்து அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அழுகையை அற்பம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

மருந்துக்குப் புற்று செல் எது, நல்ல செல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. வேகமாகப் பெருகும் செல்களையெல்லாம் தாக்கும். முடியின் வேரில் உள்ள செல்கள் உடம்பிலேயே வேகமாகப் பெருகுபவை. தலையில் இருக்கும் முடியில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்கு எந்த நேரமும் வளர்ந்துகொண்டே இருப்பதால், அடி ஒட்டுமொத்தமாக விழுகிறது. எல்லாக் கீமோவிலும் இப்படி ஆகாது. சில மருந்துகளில் முடி மெலிவதோடு நின்றுவிடும். ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கு அதிகம் கொடுக்கப்படும் டாக்ஸோரூபிசின், பேக்லிடாக்ஸல், டோசிடாக்ஸல் போன்றவற்றில் அனேகமாக முழுவதும் போய்விடும். டாக்ஸோரூபிசின்தான் நாங்கள் 'சிவப்பு மருந்து' என்று சொல்வது.

முதல் மருந்து ஏற்றி இரண்டு மூன்று வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும். அதற்குச் சில நாள் முன்னாலேயே தலைத்தோல் தொட்டால் வலிக்கும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. தலையணையில் கிடந்த கொத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நர்ஸ்கள் மேல் குற்றம் சொல்ல மாட்டேன், ஒருவர் எத்தனை படுக்கையைத்தான் பார்ப்பார்? ஆனால் அச்சடித்த ஒரு தாள் கொடுத்திருக்கலாம். முதல் ஊசிக்கு முன்னாலேயே முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டால் கொட்டும்போது அதிர்ச்சி கொஞ்சம் குறையும் என்று அதில் இருக்கலாம். இறுக்கிப் பின்ன வேண்டாம், டை அடிக்க வேண்டாம், வெயிலில் தலையை மூடாமல் போக வேண்டாம், வழுக்கிக்கொண்டே இருக்கும் பட்டுத் துணியைவிடப் பருத்தித் துணி நல்லது என்று இருக்கலாம். புருவமும் இமையும்கூடப் போகும், அப்போது வியர்வை நேராகக் கண்ணில் இறங்கும் என்று இருக்கலாம். மூலிகை எண்ணெய் தேய்த்தால் கொட்டாது என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களை நம்ப வேண்டாம் என்பதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். மருந்து முடிந்து ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் முடி திரும்ப முளைக்கும், முதலில் சுருட்டையாகவோ நரையாகவோ வரக்கூடும் என்பதையும் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட அந்த ஒரு தகவலுக்குத்தான் நாங்கள் ஏங்கினோம்.

இனி விக் பற்றி. கடையில் மலிவாகக் கிடைப்பது பிளாஸ்டிக் இழையில் செய்தது. சித்திரை வெயிலில் அதைப் போட்டால், ஏற்கெனவே புண்பட்ட தோல் எரியும், அரிக்கும். கொஞ்ச நாளில் இழை சிக்கிப் பொம்மைத் தலை மாதிரி ஆகிவிடும். அதைப் போட்டுக்கொண்டு போனால் 'டோப்பா' என்று பசங்கள் சிரிக்கிறார்கள். மெல்லிய வலையில் உண்மையான முடியைக் கையால் கோத்துச் செய்த விக் வேறு விஷயம். காற்றோட்டம் இருக்கும், எண்ணெய் தொட்டு வாரலாம், பூகூட வைக்கலாம். ஆனால் விலை பல்லாயிரம் ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில்தான் எங்கள் உயிர் ஓடியது, அதற்கு என்றும் நன்றி. அந்த அட்டையில் யாருக்கும் விக் கிடைத்து எங்கள் வார்டில் நான் பார்க்கவில்லை.

அந்த விக்குக்கு வேண்டிய முடி எங்கே போகிறது என்பது அறநிலையத் துறைக்குத் தெரியும். 2021 செப்டம்பரில் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணத்தை நீக்கினீர்கள். ஏழைக் குடும்பங்களுக்கு அது நல்ல காரியம். சேரும் முடி ஏலத்துக்குப் போகிறது. வியாபாரிகள் நீளம் வாரியாகப் பிரித்து, அலசி, சீவி, கட்டுக் கட்டாக ஏற்றுமதி செய்கிறார்கள். ஆண்களின் குட்டை முடிக்கு விலை குறைவு. பெண்களின் நீள முடிதான் விக் ஆகிறது. யூதர்களில் ஆசாரமான குடும்பங்களில் கல்யாணமான பெண்கள் தலைமுடியை மறைக்க விக் அணிவது உண்டு. 2004-ல் யூத மதகுருக்கள், திருப்பதி போன்ற கோயில்களில் காணிக்கையாகக் கொடுத்த முடியில் செய்த விக்கை அணியக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னபோது, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். அத்தனை தூரத்துக்கு நம் பெண்களின் முடி போய்ச் சேர்ந்திருக்கிறது. பழனி மலையடிவாரத்திலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு மட்டும் அதற்கு வழி இல்லை.

சாமிக்குக் கொடுத்ததை எடுத்து மனிதருக்குக் கொடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். நான் பக்தி உள்ளவள். சின்ன வயதில் பழனியில் முடி இறக்கியிருக்கிறேன். வேண்டுதல் என்பது முடியைக் கீழே வைத்த அந்த நிமிடத்தில் நிறைவேறிவிடுகிறது. அதன் பிறகு அது ஏலத்துக்குப் போவதை நாம் எல்லாரும் ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். ஏலக்காரருக்குப் போகலாம், சிகிச்சையில் இருக்கும் ஒரு தாய்க்குப் போகக் கூடாது என்றால் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வேண்டுமானால் காணிக்கை மண்டபத்தில் சீட்டு கொடுக்கும் இடத்திலேயே, "உங்கள் கூந்தல் புற்றுநோயாளிக்குப் போகச் சம்மதமா?" என்று கேளுங்கள். எத்தனை பெண்கள் மறுப்பார்கள் என்று பாருங்கள்.

கோயில் வருமானத்தை விட்டுக்கொடுக்கச் சட்டம் இடம் தராது என்று அதிகாரிகள் சொல்லலாம். அப்படியென்றால் ஏலத்தில் வரும் விலைக்கே மக்கள் நல்வாழ்வுத் துறை அந்த முடியை வாங்கட்டும். கோயிலுக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. ஒரு விக்குக்குப் பல பேரின் கூந்தல் தேவைப்படும் என்பது உண்மை. ஆனால் தை, பங்குனி மாதங்களில் பழனியில் சேரும் முடியை நினைத்துப் பாருங்கள். கோக்கும் வேலையை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்யலாம். பொறுமையும் நல்ல கண்ணும் வேண்டிய வேலை, பூக்கட்டும் கைகளுக்குப் பழகிவிடும்.

முன்மாதிரி இல்லாத விஷயமும் இல்லை. கேரளத்தில் திருச்சூர் அமலா மருத்துவமனை, மக்கள் தானமாகத் தரும் முடியில் விக் செய்து நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. அதே திருச்சூரில் 2019-ல் ஒரு பெண் காவலர் இதற்காகவே தலையை மொட்டை அடித்துக்கொண்டதை நாடே பாராட்டியது. பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையே நோயாளிகளுக்கு விக் ஏற்பாடு செய்கிறது. தனி மனிதர்கள் செய்யும் தானத்தைவிடப் பல மடங்கு முடி உங்கள் மண்டபங்களில் இருக்கிறது.

முடி கொட்டாமல் தடுக்கத் தலையைக் குளிர்விக்கும் தொப்பியும் இருக்கிறது. மருந்து ஏறும்போது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, வேருக்கு மருந்து அதிகம் போகாமல் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், அதைப் போட்டுக்கொண்ட மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முடி தப்பியது, போடாதவர்களில் ஒருவருக்கும் தப்பவில்லை. ரத்தப் புற்றுநோய்க்கு அது ஆகாது, செலவும் அதிகம். பெரிய அரசு மையம் ஒன்றிலாவது வாங்கி வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆனால் விக்கை அதற்காகக் காத்திருக்க வைக்காதீர்கள்.

எல்லாருக்கும் விக் பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். மொட்டைத் தலையோடு நிமிர்ந்து நடந்த பெண்களும் எங்கள் வார்டில் இருந்தார்கள். கோயில் முடி வேண்டாம் என்று நினைக்கும் வேறு மதத்துச் சகோதரிகளும் இருப்பார்கள். அவர்களுக்கு நல்ல பருத்தித் தொப்பியோ, தரமான செயற்கை விக்கோ இருக்கட்டும். குழந்தைகள் வார்டை மறந்துவிடாதீர்கள். பள்ளிக்கூடம் திரும்பும் பெண் குழந்தைக்குச் சின்ன அளவில் விக் வெளியில் கிடைப்பது ரொம்பக் கஷ்டம்.

முதலில் ஒரு கோயில், ஒரு மருத்துவமனை போதும். பழனியும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையும் என்று வைத்துக்கொள்ளலாம். கீமோ வார்டுக்குப் பக்கத்தில் கதவு மூடக்கூடிய ஒரு சின்ன அறை, ஒரு கண்ணாடி, தலையை அளக்க ஒரு டேப், அளவெடுக்கத் தெரிந்த ஒரு பெண் ஊழியர். முடி வளர்ந்ததும் விக்கைத் திருப்பிக் கொடுத்தால் சுத்தம் செய்து அடுத்தவருக்குத் தரலாம். சிகிச்சை முடித்த எங்களைப் போன்றவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்களுக்குக் கட்டிவிடவும் பேசவும் தயாராக இருக்கிறோம். இரண்டு துறைச் செயலாளர்களும் ஒருமுறை சந்தித்துப் பேசி, வரும் தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு முடிவு சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிகிச்சை முடித்த பெண்களில் ஒருத்தி