நீ அனுப்பிய பட்டியலும் நாங்கள் சுற்றிய ஊரும்

பாளையங்கோட்டை
திங்கட்கிழமை

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

உன் கூட்டாளிகள் சென்னைத் தம்பி, நாக்பூர் தம்பி, வங்காளப் பொண்ணு மூன்று பேரையும் நேற்று ராத்திரி ரயில் ஏற்றிவிட்டோம். இந்நேரம் பெங்களூர் வந்து சேர்ந்து, பாதிக் கதையை உன்னிடம் சொல்லி முடித்திருப்பார்கள். மீதியை நான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பாய். கடிதம் என்றால் உட்கார்ந்து படித்துத்தானே ஆகவேண்டும்.

முதலில் உன் பட்டியலைப் பற்றிப் பேசிவிடுவோம். லீவு கிடைக்காதவன் பேசாமல் இருந்திருக்கலாம். குற்றாலம், மாஞ்சோலை, திருச்செந்தூர், கூந்தன்குளம், கன்னியாகுமரி என்று சனி, ஞாயிறு இரண்டே நாளுக்கு எழுதி அனுப்பியிருக்கிறாய். பஸ்ஸிலேயே காலம் கழித்த கண்டக்டர் சொல்கிறேன், அந்தப் பட்டியல்படி போயிருந்தால் பிள்ளைகள் ரோட்டைத்தான் பார்த்திருப்பார்கள். மாசி மாதத்தில் குற்றாலத்தில் பாறையைப் பார்க்கலாம். சாரல் ஆனி, ஆடிக்குத்தான். மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். கன்னியாகுமரி தனியாக ஒரு நாளை விழுங்கிவிடும். கூந்தன்குளத்தை விட்டதில்தான் எனக்கு வருத்தம், இப்போது அங்கே பறவைகள் கூடு கட்டி நிற்கும் காலம். எல்லாவற்றையும் அடித்துவிட்டு தாமிரபரணி ஆறு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை ஆறு போகிற பக்கம், ஞாயிற்றுக்கிழமை ஆறு வருகிற பக்கம். உன் அம்மாவுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. அவள் கணக்கில் விருந்தாளி என்றால் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், எழுந்து காப்பி குடிக்க வேண்டும்.

சனிக்கிழமை குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினோம். கார் வைக்கலாம் என்று சென்னைத் தம்பி சொன்னான். காரில் போனால் டிரைவரின் முதுகைத்தான் பார்க்க முடியும் என்று மறுத்துவிட்டேன். கண்டக்டர் பையன் என்னை அடையாளம் கண்டு, "அண்ணாச்சி, உங்களுக்குமா டிக்கெட்?" என்றான். முறையாக நான்கு டிக்கெட் வாங்கினேன். அந்த விஷயத்தில் நான் எப்போதும் அப்படித்தான், உனக்குத் தெரியும்.

கிருஷ்ணாபுரத்தில் கோயில் உச்சிவேளையில் நடை சாத்திவிடும், அதனால்தான் காலையிலேயே போனது. நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற குறவன், நாகாஸ்திரம் பிடித்த கர்ணன், தாடியும் சடையுமாகத் தவக்கோலத்தில் அர்ச்சுனன். நாக்பூர் தம்பி ஒரு தூணின் முன்னால் நின்றவன் நகரவே இல்லை. நகமும் நரம்பும் தெரிகிற மாதிரி எந்த உளியால் கொத்தியிருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கென்ன தெரியும்? பூசாரியிடம் கேள் என்றேன். அவருக்கும் தெரியவில்லை.

அங்கிருந்து ஆதிச்சநல்லூர். இப்போது தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் ஆறு அதே ஆறுதான். பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த தாழிகளைத் தோண்டிய குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி பதித்து, 2023-இல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். நீ பார்க்கவில்லை. கண்ணாடிமேல் நின்று குனிந்தால் காலுக்குக் கீழே தாழி தெரிகிறது. அலெக்சாண்டர் ரீ என்ற வெள்ளைக்காரர் நூறு வருஷத்துக்கு முன்பே இங்கே தோண்டி இரும்பு, வெண்கலம், தங்க நெற்றிப்பட்டம் எல்லாம் எடுத்திருக்கிறார். அவற்றில் நிறைய சென்னை மியூசியத்தில் இருக்கிறதாம். சென்னைத் தம்பி அங்கேயே பிறந்து வளர்ந்தவன், பார்த்ததில்லை என்றான். இதில் உன்னை மட்டும் என்ன சொல்வது!

மத்தியானம் அம்மா சொதி வைத்திருந்தாள். அவளுக்கு அது ஒரு பந்தயம் மாதிரி. தேங்காயின் மூன்றாம் பாலில் காயை வேகவிட்டு, இரண்டாம் பாலைச் சேர்த்து, தலைப்பாலை ஊற்றினதும் கொதிக்கவிடாமல் இறக்கி, ஆறினபிறகு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். கூட இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். நம் பக்கம் கல்யாண மறுவீட்டில் மாப்பிள்ளைக்குப் போடுகிற சாப்பாடு என்று சொன்னதும், நாக்பூர் தம்பி "நான் இங்கேயே இருந்துவிடட்டுமா?" என்றான். அம்மா அவனுக்கு இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினாள். தேங்காய் மட்டும் ஆறு உடைத்திருக்கிறாள். விலை என்ன தெரியுமா இப்போது!

சாயங்காலம் டவுண் பஸ். வங்காளப் பொண்ணு காசை நீட்ட, கண்டக்டர் வாங்காமல் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். 2021-லிருந்து இங்கே சாதாரண டவுண் பஸ்ஸில் எந்த ஊர்ப் பெண்ணானாலும் காசு இல்லை என்று சொன்னேன். நம்பாமல் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டது.

கொக்கிரகுளத்தில் இறங்கி, சுலோச்சன முதலியார் பாலத்தை நடந்தே கடந்தோம். உன் பட்டியலில் இந்தப் பாலமே இல்லை. நீ பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் இதன்மேல்தான் போனாய். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார் என்ற பெரிய உத்தியோகத்தில் இருந்த மனிதர் தன் கைப்பணத்தைப் போட்டுக் கட்டி, 1843-இல் திறந்த பாலம். அதற்கு முன்னால் பாளைக்கும் நெல்லைக்கும் நடுவே படகுதான். வெள்ளம் வந்தால் அந்தப் படகும் கிடையாது. கவர்மென்ட் உத்தியோகத்தில் இருந்துகொண்டு சொந்தக் காசில் பாலம் கட்டினாரா என்று சென்னைத் தம்பி மூன்று தடவை கேட்டான். நாக்பூர் தம்பி கைப்பிடிச் சுவரில் எட்டி எட்டிக் கீழே உள்ள வளைவுகளை எண்ணினான். 11 இருக்கிறது, சரியாகச் சொன்னான்.

ஆற்றில் ஏன் நாற்றம் என்று வங்காளப் பொண்ணு கேட்டது. சாக்கடை கலக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல? புண்ணிய நதி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே கழிவையும் விடுகிறோம். 2023 டிசம்பர் 17, 18-இல் இதே ஆறு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்ததையும் சொன்னேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்றதும் நாக்பூர் தம்பி மில்லிமீட்டரா என்று திருத்தினான். இல்லை, சென்டிமீட்டர்தான்.

அங்கே நின்றுகொண்டு 1999 ஜூலை 23-ஐச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கூலி கேட்டு கலெக்டர் ஆபீசுக்கு வந்த ஊர்வலம், போலீஸ் தடியடி, ஆற்றுக்குள் இறங்கி ஓடிய ஜனங்கள், கைக்குழந்தை உட்பட 17 பேர் செத்துப்போனது. அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஊர் பார்க்க வந்த பிள்ளைகளிடம் இதெல்லாம் எதற்கு என்று அவளுக்குக் கோபம். ஊர் பார்க்க வந்தவர்களிடம்தானே சொல்ல வேண்டும்? அல்வாக் கதையைச் சொல்ல நான் எதற்கு, அதை ரயிலில் பக்கத்து சீட்டுக்காரனே சொல்லிவிடுவான். மாஞ்சோலைக்கு ஏன் போகவில்லை என்று காலையில் கேட்ட பொண்ணு, அப்புறம் ரொம்ப நேரம் அந்தத் தோட்டத்தைப் பற்றியே விசாரித்தது. அந்த ஜனங்கள் இப்போது மலையை விட்டு இறங்க வேண்டி வந்ததையும் சொன்னேன்.

ஜங்ஷனிலிருந்து மறுபடி பஸ் பிடித்து, ஈரடுக்கு மேம்பாலம் ஏறி டவுணுக்குப் போனோம். நெல்லையப்பர் கோயிலில் நல்ல கூட்டம். இசைத்தூணைக் கண்டதும் சென்னைத் தம்பி சாவியால் தட்டப்போனான், கையைப் பிடித்துக்கொண்டேன். விரலால் லேசாகத் தட்டினாலே போதும், ஆளாளுக்கு இரும்பால் அடித்தால் கல் என்னத்துக்கு ஆகும்? சங்கிலி மண்டபம் வழியாக அம்மன் சன்னதிக்குப் போய்விட்டு, தாமிர சபையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அங்கே மரச் சிற்பங்கள் அத்தனை நுணுக்கம். ஆனால் எல்லோர் மனசும் அதற்குள் இருட்டுக்கடைக்குப் போய்விட்டது.

வரிசை தெரு வரைக்கும் நின்றது. சாயங்காலம்தான் திறப்பார்கள், தீர்ந்தால் மூடிவிடுவார்கள், அதனால் எப்போதும் ஒரு தள்ளுமுள்ளு. நின்று தின்ன ஆளுக்கு நூறு கிராம் அல்வா சூடாக வாங்கினேன். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கைவலிக்கக் கிண்டுகிறார்கள் என்று விளக்கினேன். தாமிரபரணித் தண்ணீரால்தான் இந்த ருசி என்று பக்கத்தில் நின்றவர் அடித்துச் சொன்னார். இருக்கலாம். எனக்கென்னவோ கிண்டுகிறவன் கைதான் காரணம் என்று தோன்றும். வாயைச் சரிபண்ணக் காராச்சேவும் வாங்கிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பாபநாசம் பஸ் ஏறி, பத்தமடையில் இறங்கினோம். நான் அரை மணி நேரம் என்று நினைத்த இடத்தில் வெயில் ஏறும்வரை இருந்துவிட்டோம். காரணம் அந்த வங்காளப் பொண்ணு. அவர்கள் பக்கம் மேதினிப்பூரிலும் பாய் நெய்வார்களாம், மாதுர் என்று பெயராம். அவளுடைய பாட்டி வீட்டில் அந்தப் பாய்தான் விரிப்பார்களாம். இங்கே தறியில் உட்கார்ந்திருந்த ஒரு நெசவுக்கார அம்மாவிடம் போய்ப் பக்கத்தில் சம்மணம் போட்டுவிட்டாள். இவளுக்குத் தமிழ் தெரியாது, அந்த அம்மாவுக்கு வேறு பாஷை தெரியாது. கோரையை எடுத்துக் காட்டுவதும், விரலால் அளப்பதும், சிரிப்பதுமாக எல்லாம் பேசி முடித்தார்கள். மொழிபெயர்த்துச் சொல்லச் சென்னைத் தம்பிக்கு அங்கே வேலையே இல்லை.

ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்துத்தான் சாயம் ஏற்றுகிறார்கள். பட்டுப்பாய்க்குக் கோரையை நூல் கனத்துக்குக் கீற வேண்டும். மடித்தால் துணி மாதிரி மடங்குகிறது. கல்யாணப் பாய் என்றால் பொண்ணு மாப்பிள்ளை பெயரையும் சேர்த்து நெய்து தருகிறார்கள். புவிசார் குறியீடு எல்லாம் வாங்கிய பாய்தான், ஆனால் வீட்டுப் பிள்ளைகள் யாரும் தறிக்கு வருவதில்லை என்று அந்த அம்மா சொன்னார்கள். உன்னைப் பெங்களூர் அனுப்பிய நான் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும், தலையை ஆட்டினேன்.

பாபநாசத்தில் படித்துறையில் முழுக்குப் போடலாம் என்றுதான் போனது. பரிகாரம் என்று ஆற்றில் விட்ட பழைய துணி காலில் சுற்றுகிறது. எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறதோ! சவத்த விடு என்று, ஒரு ஆட்டோ பிடித்து வனத்துறைச் செக்போஸ்ட் தாண்டி அகஸ்தியர் அருவிக்குப் போய்விட்டோம். வருஷம் முழுக்கத் தண்ணீர் விழுகிற அருவி, மாசியிலும் ஏமாற்றவில்லை. நாக்பூர் தம்பியை வெளியே இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பாலத்தில் மூக்கைப் பிடித்த பொண்ணு இங்கே தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, இது அதே ஆறா என்று கேட்டது. அதே ஆறுதான் என்றேன்.

ரயிலுக்கு அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாள். பொட்டலம் எத்தனை என்று நான் எண்ணவில்லை. தூக்குச் சட்டி ஒன்று அவர்களோடு போயிருக்கிறது, அதை மறக்காமல் வாங்கி வை. நீ அனுப்பிய பணத்தில் பாதிகூடச் செலவாகவில்லை, மீதியைத் திருப்பி அனுப்பினால் கோபப்படுவாய் என்று அம்மா எடுத்து வைத்திருக்கிறாள்.

இன்னொன்று. அந்தப் பொண்ணு தன் பாட்டிக்கு ஒரு பட்டுப்பாய்க்குச் சொல்லி, முன்பணமும் கொடுத்துவிட்டது. நெய்து முடிய நாளாகும். பார்சலில் எங்கேயாவது தவறிப் போகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனித் தேருக்கு நீ வந்து கையோடு எடுத்துப் போய்விடு. முடிந்தால் அந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வா, நெல்லையப்பர் தேர் வடம் பிடிக்க ஆள் எத்தனை இருந்தாலும் பத்தாது. டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, லீவையும் இப்போதே சொல்லி வை.

அன்புடன்
அப்பா